தீர்ந்துவிடும் என்று எடுத்து வைத்த பென்சில்கள்

தன் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். கணவரும் வேலையில் இருக்கிறார். 12 வயதில் ஒரு மகள். இவருக்கு 10 வயதாக இருந்தபோது, அப்பா ஒருவருடைய கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறார். கடன் வாங்கியவர் காணாமல் போக, வீட்டுச் சாமான்களை விற்றுத்தான் அந்தக் கடனை அடைத்தார்களாம். "ஆட்கள் வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் விளக்கைப் போடாமல் உள்ளே இருப்போம்" என்கிறார். திருமணமாகிச் சில ஆண்டுகளில் கணவருக்கு வேலை போனது. இவர்களும் கடன்பட்டார்கள். அதை அடைத்து முடித்து 6 ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது இருவர் சம்பளத்திலும் சரிபாதியைச் சேமிக்கிறார். ஒவ்வொரு செலவையும் நோட்டில் எழுதுகிறார். வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பார்க்கிறார். ஒரு வருடமாகப் பல் வலி, அதையும் தள்ளிப்போட்டு வருகிறார். பரிசு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் தோழிகளின் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். போன மாதம் இரண்டு விஷயங்கள் நடந்தன. கணவர் ஒரு ஜோடி காலணியை வாங்கிவிட்டு, நண்பர் கொடுத்தது என்று பொய் சொன்னது தெரியவந்தது. அதற்கு அடுத்த வாரம், மகளின் பைக்குள் பள்ளிச் சுற்றுலாவுக்கான படிவம் மடித்துக் கிடந்தது. ஏன் காட்டவில்லை என்று கேட்டதற்கு, "நமக்கு அதெல்லாம் முடியாதுல்லம்மா, அதான்" என்றாளாம்.

அவர் கேட்பது இவைதான்: "எனக்கு இருப்பது நோயா? கணவர் செய்தது துரோகம்தானே? சிக்கனத்தை விட்டால்தான் சந்தோஷம் வரும் என்றால், எனக்கு அந்தச் சந்தோஷமே வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகு அனுபவித்துக்கொள்கிறேன். நான் நினைப்பது தவறா?"

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சிக்கனத்தை விடச் சொல்லி நான் உங்களிடம் கேட்கப் போவதில்லை. கடன் வாங்கி அனுபவித்துவிட்டு, பிறகு தூக்கம் கெட்டு என்னிடம் வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கடன் இல்லாத வீட்டில் இருக்கும் நிம்மதியை நீங்கள் உழைத்துச் சம்பாதித்திருக்கிறீர்கள். அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 10 ஆண்டுகளுக்கு முன், வேலை போவதற்குச் சற்று முன்னால், உங்கள் பிறந்தநாளுக்குக் கணவர் 36 நிறங்கள் கொண்ட ஒரு பென்சில் பெட்டி வாங்கித் தந்தார். கல்லூரி நாட்களிலிருந்தே உங்களுக்குப் படம் வரைவது உயிர். அந்தப் பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஒரு பென்சில்கூட சீவப்படவில்லை. காரணம் என்று நீங்கள் எழுதியது: "தீர்ந்துவிட்டால் திரும்ப வாங்க வேண்டுமே."

இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பென்சில்களுக்கான பணம் 10 ஆண்டுகளுக்கு முன்பே செலவாகிவிட்டது. வரைந்தாலும் வரையாவிட்டாலும் உங்கள் சேமிப்பில் ஒரு காசு கூடப் போவதும் இல்லை, குறையப் போவதும் இல்லை. அப்படியிருந்தும் வரையவில்லை. மாலையில் நடக்கப் போவதை நிறுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நடப்பதற்கு என்ன செலவு? புதுப் போர்வைகள் விருந்தாளிகளுக்காகக் காத்திருக்கின்றன, நீங்கள் மூவரும் நைந்துபோனதைப் போர்த்திக்கொள்கிறீர்கள். இவற்றில் எதிலுமே பணம் மிச்சமாகவில்லை. செலவை வெட்டத் தொடங்கிய கை, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், மகிழ்ச்சியையும் சேர்த்து வெட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே உங்களுக்குத் தெரிகின்றன. இதைத்தான் நாம் பிரித்தெடுக்க வேண்டும்.

சிக்கனம் வேறு, வலி வேறு

செலவு செய்யத் தயங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 13,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்து 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிச்சம் பிடிப்பதில் இன்பம் காண்கிறவர் ஒரு வகை. பணம் கையை விட்டுப் போகும் அந்த நொடியில் வலியை உணர்கிறவர் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினர், தாங்களே விரும்பும் அளவைவிடக் குறைவாகச் செலவு செய்கிறார்கள். இதில்தான் விஷயமே இருக்கிறது. ஆசை இருக்கிறது, பணமும் இருக்கிறது, தேவை என்றும் தெரிகிறது. ஆனால் கை நீளவில்லை. அந்த ஆய்வில், கட்டுப்பாடில்லாமல் செலவு செய்கிறவர்களைவிட இப்படிப்பட்டவர்களே அதிகமாக இருந்தார்கள்: இரண்டு பேருக்கு மூன்று பேர் என்ற கணக்கில். ஆகவே, உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படி என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஒரு பொருளை வாங்காமல் வந்த நாளில் வீடு திரும்பும்போது மனம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். லேசாக, திருப்தியாக இருந்தால் அது சிக்கனம். தப்பித்தோம் என்று மூச்சு வாங்கினால் அது பயம். உங்கள் கடிதத்தில் "தப்பித்தேன்" என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது.

சிக்கனமும் இன்பமும் எதிரிகள் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ஜோர்டி க்வாய்ட்பாக், எலிசபெத் டன் இருவரும் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஒரு குழுவை ஒரு வாரம் சாக்லேட்டே தொடக் கூடாது என்றார்கள். இன்னொரு குழுவுக்கு நிறையக் கொடுத்து, முடிந்த அளவு சாப்பிடச் சொன்னார்கள். மூன்றாம் குழு வழக்கம்போல இருந்தது. வாரம் முடிந்து எல்லோரும் மறுபடி சாப்பிட்டபோது, விலகியிருந்தவர்கள்தான் மற்ற இரண்டு குழுவினரையும்விட அதிகமாக ருசித்தார்கள். அளவோடு வாழ்வது இன்பத்தைக் கூட்டும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாரம் முடிந்தபின் அவர்கள் சாப்பிட்டார்கள். உங்கள் விரதத்தில் முடிக்கும் நாள் என்ற ஒன்று இல்லவே இல்லை.

இது நோயா?

உங்களை நேரில் பார்க்காமல் நோய் என்றோ இல்லை என்றோ முத்திரை குத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் இணையத்தில் ஏதோ படித்துவிட்டு, எதிலும் ஒழுங்கும் கட்டுப்பாடும் குறையக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கும் ஆளுமைக் கோளாறு (OCPD) என்று நீங்களே முடிவு செய்திருப்பது சரியில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய் அறியும் கையேட்டில், நீங்கள் குறிப்பிடும் அந்தக் கோளாறுக்கு 8 அறிகுறிகள் தரப்பட்டிருக்கின்றன. வருங்கால ஆபத்துக்காகப் பணத்தைப் பூட்டி வைத்து, தனக்கும் பிறருக்கும் செலவு செய்யாமல் இருப்பது அவற்றில் ஒன்று. குறைந்தது 4 அறிகுறிகளாவது இருந்தால்தான், அதுவும் ஒரு நிபுணர் நேரில் பேசிப் பார்த்த பிறகுதான், அந்தப் பெயரைச் சூட்ட முடியும். உங்கள் கடிதத்தில் அந்த ஒன்றைத் தவிர மற்றவை எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிவது ஒரு பயம். விளக்கைப் போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்த அந்த 10 வயதுப் பெண்ணின் பயம். அவளுக்குக் கடன் அடைந்த செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அதனால்தான் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கணக்கைத் திறந்து பார்க்கிறீர்கள். பார்த்ததும் ஒரு நிமிடம் நிம்மதி, அப்புறம் மறுபடி சந்தேகம். பார்க்கப் பார்க்க இந்தப் பழக்கம் வலுக்கும், குறையாது. நாளைக்கு ஒரு தடவை, ஒரு குறித்த நேரத்தில் மட்டும் என்று முதலில் வையுங்கள். முதல் சில நாட்கள் கை பரபரக்கும். பரபரப்பு ஏறும், நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் தானாகவே இறங்கும். அது இறங்குவதை உங்கள் உடம்பே பார்த்துப் பழக வேண்டும். நான்கைந்து வாரம் முயன்றும் முடியவில்லை, தூக்கம் கெடுகிறது, நடு இரவில் எழுந்து பார்க்கிறீர்கள் என்றால், நேரில் ஓர் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்யும் சிகிச்சை முறை இதற்கு நன்றாகவே உதவும். அதற்குக் கொடுக்கும் கட்டணமும் உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

உங்கள் கணக்கைக் கணக்காகவே பார்ப்போம்

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், அதனால் இந்த இடத்தில் உங்கள் மொழியிலேயே பேசலாம். வருமானத்தில் பாதியைச் சேமிக்கிறீர்கள், மீதிப் பாதியில் வாழ்கிறீர்கள். அப்படியென்றால் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஓர் ஆண்டுக்கான குடும்பச் செலவைச் சேர்த்து வைத்துவிடுகிறீர்கள். 6 ஆண்டுகள் ஆகிவிட்டன. விலையேற்றத்துக்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும், உங்கள் இருவருக்கும் வேலை இல்லாமலே சில ஆண்டுகள் இதே மாதிரி வாழ முடியும். அவசரத்துக்கு 3 முதல் 6 மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்றுதான் நிதி ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வார்கள்.

இப்போது பாதிக்குப் பதில் 45 சதவீதம் சேமிப்பதாக வைத்துக்கொள்வோம். செலவு 55 ஆகிவிடும். ஓர் ஆண்டில் நீங்கள் சேர்க்கும் பாதுகாப்பு 12 மாதத்துக்குப் பதில் கிட்டத்தட்ட 10 மாதமாக இருக்கும். அந்த 2 மாதத்துக்கு ஈடாக, இப்போது வீட்டுக்கு ஆகும் செலவைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கிறது. பல் சிகிச்சை, மகளின் சுற்றுலா, தோழிக்கு ஒரு சிறு பரிசு எல்லாமே அதற்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். தப்பென்றால் உங்கள் நோட்டை வைத்து என்னைத் திருத்துங்கள். 50 என்பது மேலிருந்து வந்த கட்டளை இல்லை. பயம் உச்சத்தில் இருந்த ஒரு நாளில் நீங்களே வைத்த எண் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் முழுவதையும் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள், "அங்கே இருந்தால் ஆபத்து இல்லை" என்கிறீர்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், சும்மா கிடக்கும் பணத்தின் வாங்கும் சக்தி 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். கிடைக்கும் வட்டி அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும், முழுவதையும் ஈடுகட்டும் என்று சொல்ல முடியாது. எங்கே போடுவது என்பது என் துறை இல்லை. பொருள் எதையும் விற்காமல், கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் ஒருவரிடம், கணவரையும் அழைத்துக்கொண்டு ஒரு முறை போய்ப் பேசுங்கள்.

பல்லைப் பற்றி நான் வாதாடவே போவதில்லை. சொத்தைப் பல்லில் விழுந்த குழி தானாக மூடாது. இன்று அடைத்தால் முடிகிற வேலை, நாளை வேர் சிகிச்சையாகும், அதற்கும் பிறகு பல்லையே எடுக்க வேண்டி வரும். ஒவ்வொரு படியிலும் செலவு ஏறும். உங்கள் நோட்டில் இதை மிச்சம் என்று எழுதியிருப்பீர்கள். அது கடன், சகோதரி. நீங்கள் எதற்கு இவ்வளவு பயப்படுகிறீர்களோ அதே கடன், உங்கள் வாயிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த வாரமே போங்கள்.

கணவர் மறைத்தது

பொய் சொன்னது தவறு. அதை நான் மெழுகப் போவதில்லை. வீட்டுப் பணத்தில் ஒளிவு மறைவு நுழைந்துவிட்டால், முதலில் காலணியாக வரும், பிறகு கடனாகவும் வரும். அந்த ஆபத்தைப் பற்றி நீங்கள் அவரிடம் பேசத்தான் வேண்டும்.

ஆனால் துரோகம் என்ற சொல்லை எடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். பழைய ஜோடி பிய்ந்து 5 மாதம் ஆகியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் மறைத்தது ஆடம்பரத்தை அல்ல, ஒரு தேவையை. உழைத்துச் சம்பாதிக்கும் ஒருவர், தன் காலுக்குப் போட்டுக்கொள்ள வாங்கியதை நண்பர் கொடுத்தது என்று சொல்ல நேர்ந்தால், அந்த வீட்டில் அவருக்குக் கேட்க இடமில்லை என்று பொருள். வீட்டுப் பணத்தில் அவருக்கும் உங்களுக்கும் சமமான குரல் உண்டு. நிர்வாகம் உங்கள் கையில் இருப்பதால் முடிவும் உங்களுடையது மட்டும் ஆகிவிடாது. அவர் கேட்டபோதெல்லாம் "உங்களுக்கு வேலை போனதை மறந்துட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை மட்டும் இனி ஒருபோதும் கேட்காதீர்கள். அந்த நாட்களை அவர் மறந்திருக்க வாய்ப்பே இல்லை.

நீங்கள் அவரை ஊதாரி என்கிறீர்கள். கடிதம் முழுக்கத் தேடினேன். காலணி, ஒரு புத்தகம், நண்பர்களோடு இரண்டு முறை வெளியே போனது, இவ்வளவுதான் இருக்கிறது. முன்பு சொன்ன ஸ்காட் ரிக் இன்னும் இருவரோடு சேர்ந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், செலவில் எதிரெதிர் குணம் உள்ளவர்கள்தான் ஒருவரையொருவர் அதிகம் மணந்துகொள்கிறார்கள் என்றும், பிறகு அதே வேறுபாட்டினால் சண்டை போடுகிறார்கள் என்றும் கண்டார்கள். அவருடைய தாராள மனது ஒரு காலத்தில் உங்களுக்குப் பிடித்திருந்திருக்கும். அந்தப் பென்சில் பெட்டி அதே மனதிலிருந்து வந்ததுதான். 10 ஆண்டுகளாக அதைத் திறக்காமல் வைத்திருப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்றும் எப்போதாவது யோசித்துப் பாருங்கள்.

இருவருக்கும் மாதம் ஒரு சிறு தொகையைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வருமானத்தில் 2 சதவீதம் ஆளுக்கு. அதற்கு நோட்டில் கணக்கு இல்லை, கேள்வியும் இல்லை. அவர் என்ன வாங்கினார் என்று நீங்கள் கேட்கக் கூடாது. உங்கள் பங்கைச் சேமிப்பில் திருப்பிப் போடவும் கூடாது. மாத முடிவுக்குள் செலவாகியிருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டாம் பாதிதான் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு

அப்போது அனுபவித்துக்கொள்ளலாம் என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்படுத்திய வாக்கியம். ரான் கிவெட்ஸ், அனாட் கெய்னன் என்ற இருவர் இதையே ஆராய்ந்து 2006-ல் எழுதினார்கள். இன்பத்தை அனுபவித்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி கொஞ்ச நாளில் மங்கிவிடுகிறது. அனுபவிக்காமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தமோ காலம் போகப் போகக் கூடுகிறது. இன்று கடையில் நிற்கும்போது முதலாவதுதான் பெரிதாகத் தெரியும். உங்கள் முடிவுகள் எல்லாம் அந்த நொடியில் எடுக்கப்படுபவை.

ஓய்வு பெற இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது? அன்று பணம் இருக்கும். மகள் 12 வயதில் இருக்க மாட்டாள். நீங்கள் அழைப்புக்குப் போகாத தோழிகள், அதற்குள் அழைப்பதையே நிறுத்தியிருப்பார்கள். பணத்தைச் சேர்த்து வைக்கலாம், அவர்களைச் சேர்த்து வைக்க முடியாது. பரிசு கொடுக்கக் கூச்சம் என்றால் நீங்கள் வரைந்த ஒரு படத்தைக் கொடுங்கள். அதை விலை போட்டுப் பார்க்கிற தோழியாக இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது

முதல் மாதம் புதிதாக எதையும் வாங்காதீர்கள். ஆமாம், வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏற்கெனவே வீட்டில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். புதுப் போர்வைகளை எடுத்து விரியுங்கள். மாலை நடையை மீண்டும் தொடங்குங்கள், முடிந்தால் கணவரோடு. பென்சில்களைச் சீவுங்கள். எல்லா 36-ஐயும் வேண்டாம், மூன்று நிறம் போதும். சீவும்போது மனம் பதறினால் பதறட்டும், அதோடு வரையுங்கள். ஒரு பென்சில் பாதியாகக் குறையும் அளவுக்கு வரைய எத்தனை மாதம் ஆகிறது என்று உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள். நீங்கள் நினைத்ததைவிட மிகவும் அதிகமாக இருக்கும்.

இரண்டாம் மாதத்திலிருந்து அந்த நோட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள். தேதி, செலவு, தொகை, அப்புறம் "என்ன கிடைத்தது". ஒரு வாரம் கழித்து அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். சில செலவுகளுக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது, அவற்றைத் தயங்காமல் வெட்டுங்கள், அதில் உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. சிலவற்றுக்கு எதிரே அந்தக் கட்டம் போதாமல் போகும். எதைக் குறைப்பது, எதைக் காப்பது என்பது அப்போது உங்களுக்கே தெரியும். இப்படிப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டியதுதான் இத்தனை நாள் நடந்தது.

மகளிடம் "நம்மிடம் பணம் இல்லை" என்று இனிச் சொல்லாதீர்கள். அது உண்மையும் இல்லை. "பணம் இருக்கிறது, ஆனால் இதற்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்" என்று சொல்லுங்கள். ஏன் என்று அவள் கேட்டால் காரணம் சொல்லுங்கள். இரண்டு வாக்கியங்களுக்கும் முடிவு ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியம் கேட்டு வளரும் குழந்தை பயத்தைக் கற்றுக்கொள்கிறது. இரண்டாவதில் யோசித்துத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்கிறது. நான் கெட்ட அம்மாவா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருந்தீர்கள். இல்லை. படிவத்தைப் பார்த்ததும் அழுது, அன்றிரவே உட்கார்ந்து எனக்கு இவ்வளவு பெரிய கடிதம் எழுதியவர் நீங்கள்.

பெயர் கொடுக்கக் கடைசித் தேதி அடுத்த மாதம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். போக ஆசையா என்று கேளுங்கள். முதல் தடவை அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள். எழுந்து வந்துவிடாதீர்கள். பணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை கேளுங்கள்.